கடலைப் பார்த்துக் கடன் கொடுத்த கடைகள்

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் மண்டபம் என்கிற ஊரில் எங்கள் அய்யா கயிற்றுக்கடை வைத்திருந்தார். அப்பாவின் அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். கயிற்றுக்கடை என்று ஊர் சொன்னாலும் கயிறு ஒரு மூலையில்தான் கிடந்தது. வலை பின்னும் நூல், தங்கூசி நரம்பு, தூண்டில் முள், ஈயக்குண்டு, மிதப்பு, அரிக்கேன் விளக்குத் திரி, படகுப் பலகைக்குப் பூசும் மீன் எண்ணெய், குங்கிலியம், அப்புறம் கடலுக்குப் போகிறவர்கள் மடியில் முடிந்துகொண்டு போக வெற்றிலை, புகையிலை, பொரிகடலை, கருப்பட்டி. அய்யாவுக்குப் பிறகு கல்லாவில் அப்பா உட்கார்ந்தார். 2019ல் கடையை மூடினோம்.

சரக்கை எல்லாம் விற்றுத் தீர்த்த பிறகு மிஞ்சியவை பதினேழு பற்று நோட்டுகள். நீளவாக்கில் திறக்கிற, துணி அட்டை போட்ட நோட்டுகள். ஒவ்வொரு பக்கத்திலும் அய்யா கையால் கோடு போட்டு நாலு கட்டம் பிரித்திருக்கிறார். ஆள், சாமான், தொகை, கெடு. அந்தக் கெடு என்கிற கட்டத்தில் நான் தேடிப் பார்த்தவரை ஒரு தேதிகூட இல்லை. "வாடை இறங்கி" என்று ஒரு இடத்தில். "கச்சான் விட்டதும்" என்று இன்னொரு இடத்தில். "தென்கடல் திரும்பி", "ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குள்", "தை பிறந்து". கடன் என்றைக்குத் திரும்பும் என்பதைக் காற்றின் பெயராலும் திருவிழாவின் பெயராலும் எழுதி வைத்திருக்கிறார் மனுஷன்.

ராமநாதபுரம் கடற்கரையில் மூடிப்போன குடும்பக் கடைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் வாசனையைத்தான் முதலில் சொல்கிறோம். சாக்கு வாசனை, கருப்பட்டி வாசனை, தேங்காய் எண்ணெய்த் தகரத்தின் வாசனை. எனக்கும் அதெல்லாம் நினைவில் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைகளோடு உண்மையில் போனது என்ன என்று கேட்டால் நான் இந்தக் கெடு கட்டத்தைத்தான் காட்டுவேன். யாருக்கு, எவ்வளவு, எந்தக் காற்று வரைக்கும் கடன் கொடுக்கலாம் என்று தெரிந்திருந்ததுதான் அந்தக் குடும்பங்களின் உண்மையான முதல். சரக்கு இரண்டாவதுதான்.

இதைப் புரிந்துகொள்ள இந்தக் கரையின் அமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கடல் ஒன்றல்ல, இரண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பினால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் அடித்தால் தென்கடல் பொங்கும், வடகடல் தாங்கும். நாட்டுப்படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துப் படகைக் கடல் மாற்றுவார்கள். கடல் மாறுகிற அந்த இடைவெளியில் வருமானம் கிடையாது. ஆனால் வலையைப் பழுது பார்க்க வேண்டியதும் அப்போதுதான், அடுப்பு எரிய வேண்டியதும் அப்போதுதான். அந்த மூன்று நான்கு வாரத்தைத் தாங்கியது கரையில் இருந்த கடை.

விசைப்படகுகள் வந்த பிறகு கணக்கு வாரக் கணக்காக மாறியது. ராமேஸ்வரம் பக்கத்தில் விசைப்படகு திங்கள், புதன், சனி மூன்று நாளும், நாட்டுப்படகு மற்ற நாளும் கடலுக்குப் போவது என்று ஒரு ஏற்பாடு உண்டு. படகு கரைக்கு வந்த மறுநாள்தான் கடைத்தெருவில் காசு புழங்கும். எங்கள் கடையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் உட்கார இடம் இருக்காது, கூட்டம் அப்படி. வெள்ளிக்கிழமை ஈ ஓட்டுவோம். 2001ல் இருந்து மீன்பிடித் தடைக்காலம் வந்தது. முதலில் 45 நாள், 2017ல் இருந்து 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த இரண்டு மாதமும் நோட்டில் பற்று மட்டும் ஏறும், வரவு இருக்காது. அப்பாவின் கையெழுத்து அந்தப் பக்கங்களில் பொடிப்பொடியாக இருக்கிறது, பக்கம் மிச்சம் பிடிக்கத்தான்.

கடல் ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் இந்தக் கடைகளை வாழவைத்தது பாதை. சென்னையில் இருந்து கொழும்புக்குப் போகிற பாதை.

1914ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது இந்தக் கரையின் தலையெழுத்தே மாறியது. எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம். போட் மெயில் என்று பெயர் வாங்கிய பயணம் அது. ரயிலும் கப்பலும் சந்திக்கிற இடத்தில் என்னென்ன தொழில் முளைக்குமோ அத்தனையும் தனுஷ்கோடியில் முளைத்தது. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம், அவற்றைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, கருவாட்டு வியாபாரம், பெட்டி தூக்குகிற ஆட்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அந்த ஊரை எடுத்துக்கொண்டு போனது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் போனது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. உயிர்ச்சேதத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கடைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒரு கடைத்தெரு ஒரே இரவில் போனால், சரக்கோடு சேர்ந்து பற்று நோட்டுகளும் போகும். யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்கிற நினைவு மொத்தமும் தண்ணீருக்குள். எங்கள் அய்யா அதைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்வார். புயலுக்குப் பிறகு சிலர் தேடி வந்து தாங்களாகவே தொகையைச் சொல்லிக் கடனைத் தீர்த்தார்களாம், கடைக்காரருக்கே அந்தத் தொகை மறந்திருந்தாலும். அவர் கண்ணால் பார்த்ததா, கேட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கப்பல் அதற்குப் பிறகு ராமேஸ்வரத்தில் இருந்து ஓடியது. 1980களின் முற்பாதியில் இலங்கையில் கலவரமும் போரும் வெடித்தபோது அதுவும் நின்றது. கைலி, துணி என்று இங்கிருந்து போனதும், கொழும்பு சாமான் என்று அங்கிருந்து வந்ததும் அத்தோடு முடிந்தன. சாமானைப் பையில் சுமந்துகொண்டு போய்வந்தவர்களைக் குருவி என்பார்கள். குருவிகளை நம்பி நடந்த சின்னச் சின்னக் கடைகள் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின.

இந்தக் கரையில் குடும்பத் தொழில் என்றால் என்ன என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த ஒரு வீட்டையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அப்துல் கலாமின் வீடு. அவர் பிறந்தது 1931ல். தகப்பனார் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிச் சென்றவர். அந்தப் படகைப் புயல் கொண்டுபோனது. அண்ணன் ஒருவர் ரயில் நிலையத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வீட்டில் இன்னொருவர் சிப்பி, சங்குச் சாமான் விற்றார். உறவுக்காரர் ஒருவர் செய்தித்தாள் ஏஜென்ட். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நின்றுபோக, ஓடுகிற ரயிலில் இருந்து வீசிய செய்தித்தாள் கட்டைப் பிடித்துக் கொடுத்துச் சம்பாதித்தான் சிறுவன் கலாம். புளியங்கொட்டை பொறுக்கிக் கடையில் விற்று நாளைக்கு ஓரணா வாங்கியிருக்கிறான்.

இந்தக் கதையைப் பள்ளிக்கூடங்களில் உழைப்புக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. படகு, மளிகை, சிப்பி, செய்தித்தாள் என்று ஒரே சொந்தத்துக்குள் நாலு தொழில். நாலுமே அந்த ரயிலையும் யாத்திரிகர்களையும் நம்பி நின்றவை. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். கடலோரத்துக் குடும்பங்கள் தொழிலை இப்படித்தான் பிரித்துப் போட்டு வைத்திருந்தன. ஒரு தொழிலில் மட்டும் காலை ஊன்றுவது இந்த மண்ணில் ஆபத்து என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள்.

கீழக்கரைக்கு வருவோம். அங்கே கதை கொஞ்சம் வேறு மாதிரி. மரைக்காயர்களின் கப்பல் வியாபாரம், முத்து, சங்கு, பிற்காலத்தில் வைரம், அப்புறம் கொழும்பிலும் மலேயாவிலும் கடைகள். ஊரில் ஒரு பெரிய பகுதி எப்போதும் வெளியேதான் இருந்தது. வெளிநாடு போனவர்களைச் சபராளி என்பார்கள். சபர் என்றால் பயணம். கீழக்கரையில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார் என்பது பழைய வழக்கம். இது தொழிலை எப்படிப் பாதித்தது என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"வீடு இங்கேயே நிக்கும் தம்பி. அது பொம்பளப் பிள்ளைக்குள்ளது. கடை ஆம்பளப் பிள்ளைக்குள்ளது, அவன் எங்க போறானோ அங்க போயிரும்" என்றார்.

"அப்ப ஊர்ல கடை நிக்காதா பாய்?"

"நிக்கும். போனவன் திரும்பி வந்தா."

வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், வீடு கட்டினார்கள், ஆனால் கடை வைக்கவில்லை. அதனால் கீழக்கரைத் தெருக்களில் பெரிய பெரிய வீடுகள் நிற்கின்றன, பழைய கடைகள் குறைந்துவிட்டன. அங்கே இன்னும் தெம்பாக இருக்கிற குடும்பத் தொழில் தொதல்தான். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியோ சீனியோ சேர்த்துப் பெரிய சட்டியில் மணிக்கணக்காகக் கிண்டி, எண்ணெய் பிரிந்து வருகிறவரை விடாமல் கிண்டி எடுக்கிற பலகாரம். கடல்வழியாக அக்கரையில் இருந்து வந்த பண்டம் என்பார்கள். அது ஏன் பிழைத்தது? சபராளிகள் பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோக ஏற்றது, சீக்கிரம் கெடாது. ஊரை விட்டுப் போனவர்களே அந்தத் தொழிலை வாழவைக்கிறார்கள். மற்ற கடைகளை மூடவைத்த அதே பயணம் இந்த ஒன்றுக்கு மட்டும் சோறு போடுகிறது.

எல்லாக் கடையும் பாதை போனதால் மூடவில்லை. சிலவற்றைச் சட்டம் மூடியது. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் மனக் கனம் உண்டு, ஏனென்றால் அந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை சரி என்றுதான் நினைக்கிறேன்.

கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முக்குளித்து எடுத்த அட்டையைக் குடலெடுத்து, அவித்து, மணலில் புதைத்து, மேல்தோல் கழன்றதும் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைத்து சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் ஏற்றுமதி செய்தார்கள். வேலை முழுக்கக் குடும்ப வேலை. ஆண்கள் கடலில், பெண்கள் அடுப்படியில், பிள்ளைகள் மணலில். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ல் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வந்தன, 1989ல் வளைகுடாவின் இந்தியப் பகுதி உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001ல் கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. நேற்று வரை தொழில் என்று இருந்தது மறுநாள் குற்றம். வேறு தொழிலுக்கு மாற அவகாசமோ, பிடித்து வைத்த சரக்குக்கு ஒரு வழியோ உருப்படியாக யாரும் கொடுத்ததாக அந்தக் குடும்பங்கள் சொல்லவில்லை. அக்கரையில், இலங்கையில், அனுமதி வாங்கிப் பிடிக்கலாம். அதனால்தான் கடத்தல் செய்தி இன்றுவரை பத்திரிகையில் வருகிறது.

கடலடிப் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டதும் இப்படித்தான் நின்றது. நின்றது நல்லது. பாறை போனால் மீன் முட்டை வைக்க இடமில்லை, அலையைத் தடுக்க ஆளில்லை. ஆனால் சூளை வைத்திருந்த குடும்பத்துக்கு அந்த நியாயம் சோறு போடவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

சங்கு மட்டும் தட்டுத்தடுமாறி நிற்கிறது. மூச்சடக்கி முக்குளித்துச் சங்கு எடுப்பது கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, ராமேஸ்வரம் பக்கத்தில் தலைமுறைத் தொழில். எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணமான பெண்கள் அணிகிற வெள்ளை வளையல் ஆகும். கீழக்கரை வியாபாரிக்குக் கொல்கத்தாவில் பெயர் சொன்னால் தெரியும். வங்காளத்தில் பெண்கள் சங்கு வளையல் போடும்வரை இந்தத் தொழிலுக்கு உயிர் இருக்கும். அங்கே யாரோ முகம் தெரியாதவர்களின் கல்யாணம்தான் இங்கே ஒரு வீட்டின் அடுப்பு. ராமேஸ்வரம் தெருக்களில் சங்கில் பேர் எழுதிக் கொடுக்கிற கடைகள் அந்தத் தொழிலின் ஓரக்கிளை.

பொருள் மாறியதால் போன தொழில்களும் உண்டு. அவற்றை யாரும் திட்டமிட்டு அழிக்கவில்லை, ஆனால் அதிகக் குடும்பங்களைப் பாதித்தவை அவைதான் என்று நினைக்கிறேன். மரப்படகு, வத்தை, வள்ளம் செய்த ஆசாரிமார், பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்தவர்கள், பாய்த்துணி தைத்தவர்கள். கண்ணாடி நாரிழைப் படகு வந்தது. அதற்குக் கலப்பத்து வேண்டாம், குங்கிலியம் வேண்டாம், மீன் எண்ணெய் வேண்டாம். எங்கள் கடையில் மூன்று தகரம் ஒரே வருஷத்தில் அலமாரியை விட்டு இறங்கின. பருத்தி நூல் போய் நைலான் வந்தபோது வலை நீடித்து உழைத்தது, அடிக்கடி வாங்க வேண்டியதில்லை. மீனவருக்கு நல்லது, எங்களுக்கு வியாபாரம் பாதி. பனையோலைப் பறியும் கடகமும் போய் பிளாஸ்டிக் கூடையும் தெர்மோகோல் பெட்டியும் வந்தன. சாயல்குடிப் பக்கத்தில் ஓலை முடைந்த பெண்களின் கூலி அந்தப் பெட்டிக்குள் போனது.

1988ல் பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது. அதுவரை ராமேஸ்வரம் தீவுக்குச் சரக்கு பெரும்பாலும் ரயிலில்தான் வரும். மண்டபத்துக் கடைகளுக்கு அது ஒரு காவல் மாதிரி, ஏனென்றால் சரக்கு இங்கேதான் இறங்கும், மாறும், பிரியும். பாலம் திறந்ததும் மதுரையில் இருந்து லைன் வண்டி நேராக ராமேஸ்வரம் போனது. மொத்தக் கடை என்கிற தொழில் மண்டபத்தில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அப்பா இதைக் குறையாகச் சொல்லவே மாட்டார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற பெண் ரயிலுக்குக் காத்திருந்த காலம் அவருக்குத் தெரியும்.

பாதை வந்ததாலேயே செத்த தொழில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதைப் பற்றி யாரும் ஏங்குவதில்லை. புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி இடிபாடுகளைப் பார்க்க மணலிலும் சேற்றிலும் வண்டி ஓட்ட வேண்டும். சாதாரணக் கார் சிக்கிக்கொள்ளும். அதனால் பழைய வேன்களைப் பிடித்து, டயரை மாற்றி, தண்ணீருக்குள்ளேயே தடம் பார்த்து ஓட்டுகிற ஒரு தொழில் வளர்ந்தது. அண்ணன் ஓட்டுவார், தம்பி ஆள் பிடிப்பார், வீட்டுப் பெண்கள் இடிபாட்டுப் பக்கம் குடிசை போட்டுச் சங்குமாலையும் பொரித்த மீனும் விற்பார்கள். 2017ல் தனுஷ்கோடி நுனியில் இருக்கும் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறந்தது. வேன் தேவையில்லாமல் போனது. ஒரு தலைமுறைக்குள் பிறந்து வளர்ந்து முடிந்த குடும்பத் தொழில். பழசு என்கிற மரியாதை கிடைக்கும் முன்பே போய்விட்டதால் அதற்கு நினைவுக் கட்டுரை எழுத ஆள் இல்லை.

ஜிஎஸ்டி வந்துதான் சின்னக் கடைகள் அழிந்தன என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் கடை அளவுக்கு அது உண்மையில்லை. அது வந்தபோது வருஷத்துக்கு இருபது லட்சத்துக்குக் கீழே சரக்கு விற்பவர் பதிவு செய்யவே வேண்டியதில்லை, 2019 ஏப்ரலில் அந்த வரம்பு நாற்பது லட்சம் ஆனது. எங்களை அடித்தது 2016 நவம்பர். ஐநூறு, ஆயிரம் ரூபாய் செல்லாது என்றபோது கடற்கரையில் காசு நின்றது. கொடுக்க வேண்டியவர்கள் பழைய நோட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள், வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்த மூன்று மாதத்தில் ஏறிய பற்று கடைசிவரை முழுசாக இறங்கவில்லை. அப்புறம் 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை இரண்டேகால் வருஷம் தீவுக்கு ரயிலே இல்லை. எங்கள் கடை அதற்கு முன்பே போய்விட்டது.

ஏங்குகிறவர்கள் பேச விரும்பாத பக்கமும் ஒன்று இருக்கிறது. அதை நான் என் வீட்டில் இருந்தே சொல்கிறேன். அப்பத்தா நாற்பது வருஷம் அந்தக் கடையில் நூலைக் கண்டு கண்டாகப் பிரித்தார், பொட்டலம் மடித்தார், அய்யா சாப்பிடப் போனால் வியாபாரம் பார்த்தார். கல்லாவில் உட்காரவில்லை. போர்டில் அவர் பெயர் இல்லை. அத்தைமாருக்குக் கடையில் பங்கு என்கிற பேச்சே எழவில்லை. அப்பா எட்டாம் வகுப்போடு நின்றது கடைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். குடும்பத் தொழில் என்றால் குடும்பத்தில் யாருக்கும் சம்பளம் இல்லை என்று அர்த்தம்.

கடனும் எல்லா இடத்திலும் எங்கள் அய்யா கொடுத்த மாதிரிக் கடன் இல்லை. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகு கட்டியவர், பிடித்த மீனை அவருக்குத்தான் போடவேண்டும், அவர் சொன்ன விலைக்கு. முன்பணம் தீராது, தீர விடமாட்டார்கள். தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் மீன் போட்ட வீடுகள் உண்டு. பற்று நோட்டு என்றால் எல்லாமே அன்பு என்று யாராவது சொன்னால் அவர்கள் நோட்டின் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

கடையில் உட்கார மாட்டேன் என்று சொன்னவன் நான்தான். கல்லூரி முடித்து வந்த வருஷம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "படிக்க வச்சதே அதுக்குத்தானப்பா" என்றார், பிறகு. பிள்ளை கடலோடோ கடையோடோ மல்லுக்கட்டக் கூடாது என்று இந்தக் கரையில் இரண்டு தலைமுறை பாடுபட்டது. அந்தப் பாடு பலித்தது, கடைகள் மூடின. மூடிய கடைகளில் பாதியையாவது தோல்வி என்ற கணக்கில் எழுத என்னால் முடியாது.

அப்படியென்றால் எதற்காக வருத்தப்பட வேண்டும்? அந்தக் கெடு கட்டத்துக்காக.

இன்று கடன் இல்லாமல் இல்லை. முன்பைவிட எளிதாகக் கிடைக்கிறது. மகளிர் குழுக் கடன், நுண்கடன் நிறுவனக் கடன், நகைக்கடன், செல்போனில் பத்து நிமிஷத்தில் வருகிற கடன். அரசும் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயில் இருந்து 8,000 ரூபாய் ஆக்குவதாக 2023ல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தது. ஆனால் நுண்கடனுக்குத் தவணை வாரா வாரம். காற்று அடித்தாலும் வாரம், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலும் வாரம். செவ்வாய்க்கிழமை பத்து மணி என்றால் பத்து மணிக்கு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். வாடை அடிக்கிறது, படகு போகவில்லை என்று அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் புரியாத ஊரில் இருந்து வந்தவர் அவர், புரிந்தாலும் அவர் கையில் எதுவும் இல்லை. ஒரு தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்குகிறார்கள். பெண்களின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது.

எங்கள் அய்யா வட்டி போடவில்லை என்று நான் சொல்லவில்லை. சாமான் விலையில் ஏற்றித்தான் விற்றார், ரொக்கத்துக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை. அது எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது. அவர் செய்த ஒரே பெரிய காரியம், கெடுவைக் காற்றிடம் விட்டது. காற்று தள்ளிப் போனால் கெடுவும் தள்ளிப் போகும். அதற்குத் தனியாக யாரும் வந்து கெஞ்ச வேண்டியதில்லை, முகம் கோண வேண்டியதில்லை. இந்த ஒன்றை ஒரு கூட்டுறவுச் சங்கமோ வங்கியோ எழுத்தில் கொண்டுவர முடியாதா? மீன்பிடித் தடைக்காலத்தில் தவணை கிடையாது, புயல் எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் தவணை கிடையாது என்று ஒரு விதி எழுதுவது அவ்வளவு கடினமா? தேதி எல்லாம் முன்கூட்டியே தெரிந்ததுதானே. ஏப்ரல் 15 எல்லாருடைய காலண்டரிலும் இருக்கிறது.

போன தடைக்காலத்தில் பாம்பன் போயிருந்தேன். விசைப்படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டுக் கிடந்தன. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அவை மட்டும் போய் வந்துகொண்டிருந்தன. இறங்குதளத்துக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை, அக்கா ஒருவர் நடத்துகிறார். கல்லா மேஜையில் க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தது. அதற்கு மேலே ஆணியில், சணலில் கட்டி, ஒரு நோட்டு. இருபது வயசுப் பையன் ஒருவன் நாலு பேருக்குப் பரோட்டா பார்சல் வாங்கிக்கொண்டு, "எழுதிக்கங்கக்கா" என்றான்.

அக்கா நோட்டை எடுத்தார். "எந்தப் பக்கம்டா போறீக?"

"தென்கடலுக்குக்கா."

அவர் வெளியே எட்டிப் பார்த்தார், தென்னை மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று. பிறகு எழுதினார்.